மெட்ராஸில் அச்சான துப்பறியும் புத்தகமும் ஒரு மிட்டாய்ப் பொட்டலமும்

வேங்கிக்கால் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் ரோட்டில் வந்தால் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம் என்றால்தான் 'ஓ, அதுவா' என்பார்கள். கிரிவலக் கூட்டம் மலையைச் சுற்றிவிட்டு பஸ் ஏறிப் போய்விடும். எங்களுக்கு ஏரியும் ஆபீஸ்களும் பின்னால் நிற்கிற மலையும்தான் ஊர்.

இங்கே விடியக்காலையில் ரோட்டோரம் ஓடுகிற பசங்களையும் பொண்ணுங்களையும் பார்க்கலாம். உடம்பைக் குறைக்க ஓடுகிறவர்கள் கொஞ்சம்தான். முக்கால்வாசிப் பேர் போலீஸ் வேலைக்குத் தயார் ஆகிறவர்கள். என் அக்கா பையனும் அதில் ஒருத்தன். காலையில் ஓட்டம், பகலில் தடய அறிவியல் படிப்பு, ராத்திரி எஸ்.ஐ. தேர்வு கைடு. அவன் ரூம் சுவர் பூராவும் பழைய சட்ட செக்‌ஷன் ஒரு பக்கம், புதுச் சட்ட செக்‌ஷன் ஒரு பக்கம் என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான்.

போன மாசம் ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்: "இன்னா மாமா இது, கால்டன், ஹென்றி, பெர்டில்லான், லோக்கார்டு, கிராஸ்னு எல்லாமே வெள்ளைக்காரன் பேரா இருக்குது. நம்ம பக்கம் ஒண்ணுமே நடக்கலியா?"

நடந்திருக்கிறதே, நிறைய நடந்திருக்கிறது! அவனிடம் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் 'துப்பு' என்கிற சொல். துப்புத் துலக்குவது, துப்புக் கொடுப்பது என்று இன்றைக்கும் சொல்கிறோம். போன நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் மதுரைச் சீமையில் 'துப்புக்கூலி' என்று ஒரு வழக்கம் இருந்தது. மாடு காணாமல் போனால் மாட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போக மாட்டார். விவரம் தெரிந்த ஒருத்தருக்குக் கூலி கொடுப்பார். சில நாளில் மாடு ஏதோ ஒரு தோப்பில் கட்டிக் கிடக்கும். மாட்டைப் பிடித்தவன், துப்புச் சொன்னவன், கூலி வாங்கியவன் எல்லாம் ஒரே வட்டம்தான் என்று ஊருக்கே தெரியும். இதற்கு இன்னொரு பக்கம் ஊர்க்காவல். காவல்காரருக்கு ஊர் தானியம் அளக்கும். பொருள் களவு போனால் அவர் மீட்டுத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். யார் திருடினான் என்று நிரூபிப்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. பொருள் திரும்பினால் போதும்.

கம்பெனி ஆட்சியில் இது தலைகீழாக மாறியது. கோர்ட்டுக்குக் குற்றவாளி வேண்டும். குற்றவாளி என்றால் அவன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள வைப்பது எப்படி? அதற்கு எல்லாருக்கும் தெரிந்த ஒரே வழிதான் இருந்தது.

1854-ல் லண்டன் பாராளுமன்றத்தில் மெட்ராஸ் மாகாணத்துச் சித்திரவதைகள் பற்றிப் பேச்சு எழுந்தது. விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். 1855-ல் அறிக்கை வந்தது. ஐநூறு பேருக்கு மேல் நேரிலேயே வந்து புகார் சொன்னார்கள், ஆயிரத்துக்கு மேல் கடிதங்கள். ரயில் இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் நாள் கணக்கில் வந்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையில் நம்ம தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் அப்படியே கிடக்கின்றன. ஒன்று கிட்டி. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள், நடுவில் விரலை வைத்து நெரிப்பார்கள். இன்னொன்று அண்ணாந்தாள். கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது. படிக்கும்போது வயிற்றைப் புரட்டும். இதில் பெரும்பங்கு திருடனைப் பிடிக்க நடந்தது இல்லை, நிலவரி வசூலிக்க நடந்தது. வரி வசூலிக்கிற தாலுகா சேவகனும், திருட்டை விசாரிக்கிற சேவகனும் அப்போது ஒரே ஆள். இந்த அறிக்கையை வைத்து 1857-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் காரல் மார்க்ஸ் கட்டுரை எழுதினார் என்பது உபரித் தகவல்.

விளைவு, 1859-ல் மெட்ராஸ் போலீஸ் சட்டம். வரி வசூலையும் போலீஸையும் பிரித்தார்கள். பிறகு 1861-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ல் அது சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவாக உட்கார்ந்தது. இன்றைக்குப் புதுச் சட்டத்தில் 23. பையன் சுவரில் இந்தச் சீட்டும் இருக்கிறது. நம்பரைத்தான் மனப்பாடம் செய்திருந்தான், பின்னால் இருக்கிற கிட்டிக் கதை அவனுக்குத் தெரியாது.

என்னைக் கேட்டால் இந்திய தடய அறிவியலின் பிறந்த நாள் இதுதான் என்பேன். 'அவன் சொன்னான்' என்பது செல்லாது என்று ஆகிவிட்டால், வேறு எதையாவது காட்டித்தானே ஆகவேண்டும்? வாயைத் திறக்க வைக்க முடியாவிட்டால் பொருளைப் பேச வைக்க வேண்டும். ஆனால் அதே சட்டம் பின்வாசலில் ஒரு கதவையும் திறந்து வைத்தது. பிடிபட்டவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்று. பழைய 27-வது பிரிவு. 'எதிரி அடையாளம் காட்டிய முட்புதரிலிருந்து கத்தி கைப்பற்றப்பட்டது' என்று பேப்பரில் படிக்கிறோமே, அந்தக் கத்திகள் எல்லாம் இந்தக் கதவு வழியாக வருபவை.

சட்டம் வருவதற்கு முன்பே மெட்ராஸில் ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. 1849-லேயே இங்கே அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவிலேயே முதல் கூடம் அது. கல்கத்தா 1853, ஆக்ரா 1864, பம்பாய் 1870 எல்லாம் பிறகுதான். முக்கியமான வேலை விஷம் பார்ப்பது. செத்தவர் வயிற்றில் பாஷாணம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் ஒரு சோதனையைக் கண்டுபிடித்திருந்தார். அது வரைக்கும் விஷக் கொலை என்பது காலராவில் செத்தான் என்று முடிந்துபோகிற கணக்கு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வாந்தி பேதி.

ஆனால் மார்ஷுக்கு நம்ம ஊர் தெரியாது. இங்கே கடையில் பாஷாணம் வாங்கப் போகவேண்டியதில்லை. வேலி ஓரத்தில் ஊமத்தை, தோட்டத்தில் அரளி. வழிப்போக்கனுக்குச் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து, மயங்கியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காலத்தில் சத்திரங்களில் சர்வ சாதாரணம். ஊமத்தையும் அரளியும் தாவர விஷம், மார்ஷ் சோதனையில் சிக்காது. அதற்கெல்லாம் தனியாக வழி தேட வேண்டியிருந்தது. லண்டன் பாடப்புத்தகம் மெட்ராஸில் பாதி தூரம்தான் வரும். அந்தப் பரிசோதகர் ஆபீஸ்தான் வளர்ந்து பெயர் மாறி, இன்றைக்குச் சென்னை காமராஜர் சாலையில் தலைமையகத்தோடு இருக்கிற தமிழ்நாடு தடய அறிவியல் துறை.

கைரேகைக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், ஓடிவிடுகிறேன். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற அதிகாரி, ரோடு போட ஜல்லி கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கையை ஒப்பந்தத்தில் பதிய வைத்தார். நாளைக்கு 'அது என் கையெழுத்து இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதே என்று! 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கூடம். ஹென்றி முறை என்று உலகம் சொல்கிறதே, அதன் கணக்கைப் போட்டவர் அஜிசுல் ஹக், கூட ஹேம சந்திர போஸ். பத்து விரலையும் 1,024 அறைகளாகப் பிரித்துத் தேடுகிற முறை. ஹென்றி 1901-ல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய்ப் புகழ் பெற்றார். ஹக்குக்கும் போசுக்கும் பல வருஷம் கழித்து ஆளுக்கு 5,000 ரூபாயும் பட்டமும் கிடைத்தன. பையனின் கைடில் ஹக் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. பரவாயில்லை, வந்ததே.

1898-ல் ஜல்பைகுரி தேயிலைத் தோட்டத்து மேனேஜர் கொலையில், ஒரு பஞ்சாங்கத்தில் கிடைத்த ரத்தக் கட்டைவிரல் பதிவு காங்காலி சரண் என்கிற பழைய வேலைக்காரனுடையது என்று தெரிந்தது. கோர்ட் என்ன செய்தது தெரியுமா? திருடியதற்குத் தண்டனை கொடுத்தது. கொலைக்கு இந்த ரேகை போதாது என்று விட்டுவிட்டது. விரல் அங்கே பட்டது என்பதற்கு மேல் ரேகை எதையும் சொல்லாது என்று அந்த நீதிபதிகளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. 1899-ல் சாட்சியச் சட்டத்தையே திருத்தி விரல்ரேகை நிபுணரின் கருத்தையும் சேர்த்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான மேட்டர்.

ஆஸ்திரியாவில் கிராட்ஸ் என்று ஒரு ஊர். அங்கே ஹான்ஸ் கிராஸ் (1847-1915) என்று ஒரு விசாரணை மாஜிஸ்திரேட். வருஷக்கணக்காகக் கிராமம் கிராமமாகப் போய்க் கொலை, கொள்ளை, தீவைப்பு விசாரித்தவர். சட்டப் படிப்பில் சட்டம் மட்டும்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், செத்த உடம்புக்குப் பக்கத்தில் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை என்று அவருக்கு ஆதங்கம். தானே எழுதினார். 1893-ல் ஜெர்மன் மொழியில் தடித்த கைப்புத்தகம் ஒன்று வந்தது. குற்றப் புலனாய்வு என்கிற படிப்புக்கு உலகத்திலேயே முதல் முழுமையான பாடப்புத்தகம் என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் பிராக் நகரில் பேராசிரியராக இருந்தபோது அவர் வகுப்பில் உட்கார்ந்த சட்ட மாணவர்களில் ஒருவர் பிரான்ஸ் காஃப்கா. 'விசாரணை' நாவலைப் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்கலாம். :-)

அந்தப் புத்தகம் ஆங்கிலத்தில் முதன்முதலில் எங்கே வந்தது? லண்டனிலா? நியூயார்க்கிலா? இல்லை சாமி. 1906-ல் நம்ம மெட்ராஸில்! மொழிபெயர்த்தவர்கள் ஜான் ஆடம், ஜே. காலியர் ஆடம் என்கிற இரண்டு வக்கீல்கள், மெட்ராஸில் அரசுத் தரப்பில் வழக்காடியவர்கள். வெளியிட்டவர் ஏ. கிருஷ்ணமாச்சாரி. வெறும் மொழிபெயர்ப்பும் இல்லை, இந்தியாவுக்கும் மற்ற காலனிகளுக்கும் ஏற்ற மாதிரி மாற்றி எழுதியது என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். லண்டன் போலீஸ் உயரதிகாரி நார்மன் கெண்டல் திருத்திய பதிப்பு வந்தது 1934-ல்தான். ஆங்கிலம் படிக்கிற உலகத்துக்குப் புலனாய்வுப் பாடம் மெட்ராஸ் அச்சுக்கூடம் வழியாகப் போயிருக்கிறது. இதைச் சொன்னதும் பையன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது விசாரணை அதிகாரியின் பெட்டி. கூப்பிட்டவுடன் தூக்கிக்கொண்டு கிளம்ப வசதியாக எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்று கிராஸ் அதற்கு ஒரு பட்டியலே போடுகிறார். தாள், பேனா, மை, அளவு நாடா, திசைகாட்டி, பூதக்கண்ணாடி, அரக்கு, மெழுகுவர்த்தி, காலடித் தடத்தை வார்ப்பெடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சத்தியம் வாங்க ஒரு சிலுவை. அப்புறம் மிட்டாய். மிட்டாய் எதற்கு? குழந்தைச் சாட்சிக்கு. போலீஸைப் பார்த்தால் பயந்து ஒளிகிற குழந்தை, வாயில் மிட்டாய் இருந்தால் பார்த்ததைச் சொல்லும்.

இந்த மிட்டாயைக் கிட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஐம்பது வருஷம்தான்.

சாட்சி சொல்வது பற்றியும் அவர் நிறைய எழுதியிருக்கிறார். நேர்மையான மனிதரும் தான் பார்த்ததைத் தப்பாகச் சொல்வார், பயம், கோபம், இருட்டு, அடுத்தவர் சொன்னதைக் கேட்டது எல்லாம் கலந்துவிடும், அதனால் பொருள் சாட்சியத்தைத்தான் முதலில் பார் என்பது அவர் கட்சி. இதைத்தான் இன்றைக்கும் முதல் வருஷப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அதோடு நிறுத்தினால் கிராஸுக்கு மாலை போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் அதே புத்தகத்தில் நாடோடிகள் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஐரோப்பாவின் ஜிப்ஸி மக்களைப் பிறவித் திருடர்கள் என்ற மாதிரி எழுதுகிறார். ஒவ்வொரு சாட்சியையும் சந்தேகப்படு, உன் முன்முடிவையே சந்தேகப்படு என்று சொன்ன மனிதர், ஒரு மக்கள் கூட்டம் விஷயத்தில் எதையும் சந்தேகப்படவில்லை. மெட்ராஸில் அதற்கு ஏற்கனவே தோது இருந்தது. 1892-லேயே முல்லாலி என்கிற போலீஸ் அதிகாரி இந்த மாகாணத்துக் 'குற்றச் சாதிகள்' என்று ஒரு புத்தகம் போட்டிருந்தார். வடக்கே 1871 முதல் இருந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911-ல் திருத்தப்பட்டு இங்கேயும் நுழைந்தது. பதிவு செய்யப்பட்டவர் ஒவ்வொருவரின் விரல்ரேகையையும் எடுக்க அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது.

தென்மாவட்டங்களில் அதற்கு ஜனங்கள் வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'தான். ஒரு ரேகையும் கிடைக்காத இடத்தில், ஒரு திருட்டும் நடக்காத நாளில், ஊரையே நிற்க வைத்து விரலில் மை தடவினார்கள். ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். பக்கத்து ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் பிறமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்கிற பெண்ணும் உண்டு. ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது.

ஹக் கணக்குப் போட்ட அதே பத்து விரல்தான். தேயிலைத் தோட்டத்துப் பஞ்சாங்கத்தில் ஒருத்தனைத் தேடிக் கண்டுபிடித்தது அறிவியல். இங்கே பிறப்பைப் பார்த்து முதலில் குற்றவாளி என்று முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் ரேகை எடுத்தார்கள். இது ஃபைல் கட்டுகிற வேலை, வேறொன்றும் இல்லை. தடய அறிவியல் பாடப்புத்தகங்களில் கல்கத்தா வருகிறது, ஸ்காட்லாந்து யார்டு வருகிறது, பெருங்காமநல்லூர் வருவதில்லை. வரவேண்டும் என்பது என் கட்சி. மெட்ராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது, நாடு முழுவதும் 1952-ல்.

அதே 1920-ல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது, எல்லா மருத்துவ மாணவரும் தலையணையாக வைத்திருந்த ஜெய்சிங் மோடியின் சட்ட மருத்துவப் புத்தகமும் வந்தது. ஒரே வருஷத்தில் மூன்று!

நம்ம ஊர்க் கதை ஒன்று சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1924 ஜூன் 26 ராத்திரி ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அப்போது அது சின்னக் கொட்டகைதான். எடுக்க ஒன்றும் இல்லாத ஆத்திரத்தில் ரமணரையே தொடையில் அடித்தார்கள். ஒரு பக்தர் ஊருக்குள் ஓடிப்போய்ச் சொல்லி போலீஸ் வந்தது. அடிபட்டவருக்குப் புகார் சொல்வதில் அக்கறையே இல்லை. ஆனாலும் சில நாளில் ஆட்களைப் பிடித்து, போன பொருளையும் மீட்டு, தண்டனையும் ஆனது. புகார்தாரரே ஒத்துழைக்காத வழக்கைத் துப்புத் துலக்கிய அந்த போலீஸ்காரர்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். ஆன்மிகப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு வரிதான்.

1952 ஆகஸ்ட் ஆளவந்தார் கொலை வழக்கு. மெட்ராஸ் பேனா வியாபாரி. தனுஷ்கோடி போகிற போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறுகிறது என்று பயணிகள் சொல்ல, மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டையும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்த்து வைத்துப் பார்த்து ஒரே ஆள்தான் என்று உறுதி செய்தார்கள். பல்வரிசையையும் காதையும் வைத்து மனைவி அடையாளம் சொன்னார். பிரபாகர மேனனுக்கு 7 வருஷம், தேவகிக்கு 3 வருஷம். பரபரப்புக்காக எல்லாரும் எழுதித் தேய்த்த வழக்கு இது, நான் அதற்குள் போகவில்லை. ஒரே ஒரு விஷயம்: தலை ஒரு ஜில்லாவில், உடம்பு ஒரு ஜில்லாவில் கிடைத்த வழக்கில், அந்த இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவந்ததுதான் புலனாய்வு. மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

அங்கிருந்து ஒரே தாவலில் 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அப்போது தமிழ்நாட்டுத் தடய அறிவியல் கூடத்துக்கு இயக்குநர் பேராசிரியர் பி. சந்திரசேகரன். ராஜீவ் காந்தி கொலைக் களத்தில் சிதறிக் கிடந்த துணி, ஒயர், பேட்டரித் துண்டு, சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள், எந்த உடம்பில் எந்தப் பக்கம் எவ்வளவு சிதைவு என்பதையெல்லாம் அடுக்கிப் பார்த்து, குண்டு தரையிலோ மாலையிலோ இல்லை, ஒரு பெண் தன் இடுப்பில் பெல்ட்டாகக் கட்டியிருந்தாள் என்று சொன்னவர் அவர். அதுவரைக்கும் பூக்கூடையில் குண்டு, மேடைக்கு அடியில் குண்டு என்று ஆளாளுக்கு ஒன்று பேசிக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமராவிலிருந்த பத்துப் படங்கள் அந்த வழக்கின் முதுகெலும்பு ஆயின. கேமரா கிடைத்த இடத்தில் யாராவது கை தவறிப் பின்பக்கத்தைத் திறந்திருந்தால்? ஃபிலிமில் வெளிச்சம் பட்டிருக்கும், படம் போயிருக்கும். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஃபிலிம் வெளிச்சம் என்றால் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது, பையனுக்கும் விளக்கினேன்.

சந்திரசேகரனுக்கு 2000-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 2017-ல் காலமானார். அவரை நான் மதிப்பதற்கு வெடிகுண்டு விஷயம் மட்டும் காரணமில்லை. 2000-களில் நார்கோ சோதனை என்று ஒரு மோகம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஊசி போட்டு அரை மயக்கத்தில் உளற வைத்து, அதை டிவியில் வேறு போட்டார்கள். பெங்களூர், காந்திநகர் கூடங்களில் ஜோராக நடந்தது. அது அறிவியலே இல்லை, மூன்றாம்தர முறையின் இன்னொரு வடிவம் என்று வெளிப்படையாகச் சொன்னவர் இவர். தன் துறைக்கு மவுசு கூடுகிற நேரத்தில் அப்படிச் சொல்ல தைரியம் வேண்டும். 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் யாருக்கும் நார்கோ, பாலிகிராஃப் சோதனை செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. கிட்டிக்குப் பதிலாக ஊசி வந்தால் அது முன்னேற்றம் ஆகிவிடாது.

பையனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது: "இப்ப மட்டும் அடிக்கறதில்லையா மாமா?"

நியாயமான கேள்வி. 2020 ஜூனில் சாத்தான்குளம். தந்தையும் மகனும். அந்த வழக்கில் சி.பி.ஐ. தடய நிபுணர்கள் மாதிரி எடுத்தது எங்கேயிருந்து? போலீஸ் ஸ்டேஷனிலிருந்து. அங்கே கிடைத்த ரத்தக் கறையின் டி.என்.ஏ. செத்துப்போனவர்களுடையதோடு ஒத்துப்போனது என்று குற்றப்பத்திரிகையில் சொன்னார்கள். சக போலீஸ்காரர்களுக்கு எதிராக ஒரு பெண் தலைமைக் காவலர் சாட்சி சொன்னார். 1855-ல் கமிஷன் முன்னால் வந்து நின்றவர்களிடம் காட்ட வடு மட்டும்தான் இருந்தது, அதையும் நம்பினால் உண்டு. இப்போது சுவரே பேசுகிறது. போலீஸ் வேலைக்குப் போகப்போகிற ஒரு பையன் தன் பாடத்தில் படிக்கிற ரத்த மாதிரி எடுக்கும் முறை, தன் ஸ்டேஷன் சுவரிலேயும் வேலை செய்யும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இதை அவனிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அக்கா சமையல்கட்டிலிருந்து 'சாப்பிடறப்ப ஏண்டா இதெல்லாம்' என்று குரல் கொடுத்தாள்.

ஒரு விவரம், இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் உதவும். தமிழ்நாட்டில் கைரேகைப் பிரிவு போலீஸுக்குள் இருக்கிறது. அதற்கு எஸ்.ஐ. (விரல்ரேகை) என்று தனித் தேர்வு, அறிவியல் பட்டம் வேண்டும். தடய அறிவியல் துறை போலீஸுக்குக் கீழே இல்லை, உள்துறையில் தனித் துறை. அதற்கு டி.என்.பி.எஸ்.சி. வழியாக இளநிலை அறிவியல் அலுவலர். காக்கி போட்டுக்கொண்டு தடயம் சேகரிப்பது ஒரு வேலை, அந்தத் தடயம் உண்மையில் என்ன சொல்கிறது என்று காக்கி போடாமல் சொல்வது இன்னொரு வேலை. இரண்டும் வேறு வேறு ஆளாக இருப்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. 1859-ல் வரியையும் போலீஸையும் பிரித்த மாதிரிதான் இதுவும்.

2023 பிப்ரவரி 12 விடியக்காலையில் எங்கள் மாவட்டத்தில் ஒரே ராத்திரியில் நாலு ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் வெட்டி 70 லட்சத்துக்கு மேல் அள்ளிக்கொண்டு போனார்கள். திருவண்ணாமலை டவுனில் இரண்டு, போளூர், கலசப்பாக்கம். போகும்போது மெஷினைக் கொளுத்திவிட்டுப் போனார்கள், ரேகையும் கேமரா பதிவும் மிஞ்சக்கூடாது என்று. திருடனும் இதே பாடத்தைப் படித்திருக்கிறான் பாருங்கள்! ஆனால் வண்டி ரோட்டில்தானே போகவேண்டும், போன் டவரோடுதானே பேசவேண்டும். சில நாளில் ஹரியானாவில் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹென்றி காலத்தில் விரல் நுனியில் இருந்த தடயம் இப்போது டோல்கேட்டிலும் டவரிலும் இருக்கிறது.

2022-ல் அந்த 1920 கைதிகள் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். விரல்ரேகையோடு கண்மணி, உயிரியல் மாதிரிகள் வரைக்கும் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம். பெருங்காமநல்லூர் தெரிந்தவர்களுக்கு இந்த 75 கொஞ்சம் உறுத்தும், எனக்கு உறுத்துகிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புது நடைமுறைச் சட்டத்தில், 7 வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறது 176(3). மாநிலங்கள் ஆட்களைத் தயார் செய்துகொள்ள 5 வருஷம் வரை அவகாசம். பையன் அவ்வளவு உற்சாகமாகப் படிப்பதற்குக் காரணமே இதுதான். ஆள் தேவைப்படும், போஸ்டிங் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

கிராஸ் பெட்டியின் பட்டியலை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடு என்றான், எழுதிக் கொடுத்தேன். செக்‌ஷன் சீட்டுகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். சிலுவையை அடித்துவிட்டு 'பென் டிரைவ், கையுறை' என்று எழுதியிருக்கிறான். மிட்டாயை அப்படியே விட்டிருக்கிறான்.